படத்தை மிண்ட் செய்வதற்கு முன்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டில் பேனர், கல்யாணப் பத்திரிகை, பழைய படம் ஸ்கேன் என்று வேலை பார்க்கிற கடை எங்களுடையது. இந்த வட்டாரத்தில் வரையத் தெரிந்த பிள்ளைகள் நிறைய. ரப்பர் தோட்டத்திலிருந்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு)க் குடிவந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும். கையில் ஒரு டேப்லட் இருக்கும், அதில் முனியாண்டி சாமி முதல் பால்மரக் காடு வரை எல்லாம் இருக்கும். அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் என்எஃப்டி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அடுத்தவர் படத்தை வாங்கி விற்று லாபம் பார்க்க நினைப்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. தான் வரைந்ததைத் தானே மிண்ட் செய்ய நினைப்பவர்களுக்கானது இது.

அண்ணே, என்எஃப்டி என்றால் என்ன? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

இரண்டு வரி போதாது. பிளாக்செயின் என்பது உலகம் முழுக்கப் பல கணினிகள் ஒரே மாதிரி வைத்திருக்கும் பொதுக் கணக்கேடு. ஒருவர் தன் கணினியில் இருப்பதை மாற்றினாலும் மற்றவை ஏற்காது. அந்த ஏட்டில் ‘இந்த எண்ணுள்ள டோக்கன் இந்த முகவரிக்குச் சொந்தம்’ என்று புதிதாக ஒரு வரி எழுதுவதுதான் மிண்ட் செய்வது. அந்த டோக்கன்தான் என்எஃப்டி. உங்கள் படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் அந்த டோக்கனோடு சேர்ந்திருக்கும். படம் பெரும்பாலும் ஏட்டுக்கு வெளியேதான் இருக்கும்.

வீட்டுக்கு கிராண்ட் (உரிமைப் பத்திரம்) இருப்பதுபோலப் படத்துக்கு என்எஃப்டி என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டு கிராண்டுக்குப் பின்னால் நில அலுவலகம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. யாராவது வந்து உட்கார்ந்துகொண்டால் போய் முறையிட இடம் இருக்கிறது. இதற்குப் பின்னால் அப்படி யாரும் கிடையாது.

இப்படி ஒரு படத்தை முதலில் பதிந்தவராகச் சொல்லப்படுபவர் அமெரிக்கக் கலைஞர் கெவின் மெக்காய், 2014-ல். எதீரியம் என்ற பிளாக்செயினில் எல்லோரும் பயன்படுத்தும் இஆர்சி-721 என்ற விதிமுறை 2018-ல் எழுதப்பட்டது. மற்ற வரலாறு உங்களுக்குத் தேவைப்படாது.

கடைவீட்டில் கரண்ட் திருடி மெஷின் ஓட்டுகிறார்களே, அதுதானா இது?

அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான், நியாயமான பயம். 2021 ஜூலையில் மீரி போலீஸ் 1,069 மெஷின்களைத் தரையில் பரப்பி ஸ்டீம்ரோலர் ஏற்றி நொறுக்கிய வீடியோவைப் பார்க்காதவர் இல்லை. அது பிட்காயின் மைனிங், அதாவது மெஷின்களை இடைவிடாமல் கணக்குப் போடவைத்து பிட்காயின் சம்பாதிப்பது. படத்தை மிண்ட் செய்வதற்கு மெஷின் எதுவும் வேண்டாம், கைப்பேசி போதும். வீட்டு கரண்ட் பில்லும் ஏறாது. எதீரியமும் ஒரு காலத்தில் மைனிங்கில்தான் ஓடியது. 2022 செப்டம்பரில் அதை விட்டுவிட்டு வேறு முறைக்கு மாறியதும் அதன் மின்சாரச் செலவு சுமார் 99.95 சதவீதம் குறைந்துவிட்டது.

ஒரு படம் 69 மில்லியன் டாலருக்குப் போனதாமே. நமக்கும் கிடைக்குமா?

போனது உண்மை. 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் ‘பீப்பிள்’ என்ற அமெரிக்கக் கலைஞரின் படத்தொகுப்பை 69.3 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விற்றது. வாங்கியவர் சிங்கப்பூரில் வசிக்கும் தமிழர், விக்னேஷ் சுந்தரேசன். நம்ம ஆள் என்பதால் இங்கே தேநீர்க்கடையில்கூட அப்போது இந்தப் பேச்சுதான் ஓடியது. பீப்பிள் அதற்கு முன் 13 ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாள் விடாமல் தினம் ஒரு படம் வரைந்து வெளியிட்டவர் என்பதை மட்டும் அந்தப் பேச்சில் யாரும் சொல்லவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டுவிட்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சியின் முதல் டுவீட் அதே மாதம் 2.9 மில்லியன் டாலருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் மலேசியாவிலிருந்து தொழில் நடத்தியவர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதை 48 மில்லியன் டாலருக்கு ஏலம் போட்டார். கெடு முடிந்தபோது வந்திருந்த அதிகபட்சக் கேட்பு சுமார் 280 டாலர். 2021-ல் எழும்பிய விலைகளைப் பார்த்துவிட்டு இன்றைக்கு யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால், அந்தக் கணக்கைத் தொடர்ந்து கேட்காதீர்கள். அந்தச் சந்தை இப்போது இல்லை. இருப்பது சின்னச் சந்தை. கலையை விரும்பி, ஐந்து பத்து டாலர் கொடுத்து வாங்குகிற சிலர் அதில் இருக்கிறார்கள்.

யார் வேண்டுமானாலும் படத்தை சேவ் பண்ணிக்கொள்ளலாமே, பிறகு எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

சேவ் பண்ணலாம், தடுக்க முடியாது. வாங்குபவருக்குக் கிடைப்பது படத்தின் பிரதி இல்லை. ‘இந்தக் கலைஞரின் முகவரியிலிருந்து நேராக எனக்கு வந்தது’ என்ற பதிவுதான் கிடைக்கிறது. அது தனக்கு வேண்டும் என்று நினைப்பவர் வாங்குவார், மற்றவர் வாங்க மாட்டார். வீட்டில் அப்பாவிடம் இதை விளக்கி ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சரி, என்னென்ன வேண்டும்? முதலிலிருந்து சொல்லுங்கள்.

முதலில் ஒரு வாலட், அதாவது ஏட்டில் உங்கள் முகவரியையும் அதன் சாவியையும் வைத்திருக்கும் செயலி. எதீரியம், பாலிகான், பேஸ் போன்ற பிளாக்செயின்களுக்கு மெட்டாமாஸ்க் பரவலாகப் பயன்படுகிறது. டெசோஸ் என்ற பிளாக்செயினுக்குத் தனி வாலட். எந்த வாலட்டும் இலவசம். அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்தோ ஆப் ஸ்டோரிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். கூகுளில் தேடும்போது மேலே வரும் விளம்பரத்தைத் தட்டாதீர்கள்.

அடுத்தது கட்டணத்துக்குக் கொஞ்சம் கிரிப்டோ, அதாவது பிளாக்செயினில் புழங்கும் டிஜிட்டல் காசு. வெள்ளியை (ரிங்கிட்டை) கிரிப்டோவாக மாற்ற, முதலீட்டுச் சந்தைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செக்யூரிட்டீஸ் கமிஷனில் பதிவு பெற்ற சந்தை ஒன்றில் கணக்குத் திறக்க வேண்டும். லூனோ அவற்றில் ஒன்று. முழுப் பட்டியல் கமிஷனின் தளத்தில் இருக்கிறது. ஐசி (அடையாள அட்டை) கேட்பார்கள், முகத்தைப் படம் பிடிப்பார்கள், 18 வயது ஆகியிருக்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சந்தையிலிருந்து எந்த நெட்வொர்க் வழியாக வெளியே அனுப்ப முடியும் என்று பாருங்கள். பாலிகானில் மிண்ட் செய்ய நினைத்துக்கொண்டு எதீரியம் நெட்வொர்க் வழியாக அனுப்பினால், அங்கிருந்து இங்கே கொண்டுவரவே தனிக் கட்டணம் போகும்.

பிறகு மிண்ட் செய்யும் தளம். ஓப்பன்சீ, டெசோஸில் ஆப்ஜெக்ட் என்று பல உண்டு. வாலட்டை இணைத்துப் படத்தை ஏற்றினால் ஒரு படிவம் வரும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பாட்டியை ஒரு பெண் அருமையாக வரைந்திருந்தார். தலையில் விளக்கு, கையில் உளி, காலடியில் வாளி. தலைப்பு என்ற இடத்தில் கோப்பின் பெயரே கிடந்தது: ‘அன்டைட்டில்டு-3-ஃபைனல்’. விளக்கம் காலி. அப்படியே பொத்தானை அழுத்தியிருந்தால் அந்தப் பாட்டி ஏட்டில் அந்தப் பெயரோடுதான் இருந்திருப்பார். பிறகு உட்கார்ந்து எழுதினார்: பாட்டி எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார், எந்த ஆண்டுகளில், படம் எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. வாங்குபவர் ஐரோப்பாவில் எங்கோ இருப்பார். மங்கு என்றால் மரத்தில் பால் வடிகிற கிண்ணம் என்று அவருக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

படிவத்தில் எத்தனை பிரதி என்று கேட்கும். ஒன்றா பத்தா என்பது உங்கள் விருப்பம், ஆனால் ‘ஒரே பிரதி’ என்று விற்றுவிட்டு அதே படத்தை வேறு தளத்தில் மறுபடி போடாதீர்கள். கடைசியில் வாலட் ஒரு சாளரத்தைத் திறந்து கட்டணத்தைக் காட்டி ஒப்புதல் கேட்கும். அந்தத் தொகையைப் படித்துவிட்டு அழுத்துங்கள். சில நொடிகளில் முடிந்துவிடும்.

கட்டணம் எவ்வளவு ஆகும்?

எதீரியத்தின் முதன்மைச் சங்கிலியில் (பிளாக்செயினில்) 2021, 2022 வாக்கில் ஒரு மிண்டுக்கு 50, 100 டாலர் போனது சாதாரணம், நெரிசல் நாளில் அதற்கும் மேல். இப்போது அந்த வழியில் போக வேண்டிய கட்டாயம் இல்லை. எதீரியத்தின் மேல் ஓடும் பேஸ் போன்ற துணைச் சங்கிலிகளில் 2024 மார்ச்சில் எதீரியத்தில் நடந்த மாற்றத்துக்குப் பிறகு கட்டணம் சரிந்துவிட்டது. பாலிகானிலும் டெசோஸிலும் முன்பிருந்தே குறைவு. பெரும்பாலும் சில காசு, மிஞ்சினால் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி. சில தளங்களில் ‘லேசி மிண்டிங்’ என்ற வசதி உண்டு. படம் விற்கும்வரை ஏட்டில் எழுத மாட்டார்கள், விற்கும்போது வாங்குபவர் கட்டணத்தைக் கொடுப்பார். உங்களுக்குச் செலவே இல்லை.

இந்தத் தொகைகளை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

500 வெள்ளி கொடுத்தால் மிண்ட் செய்து, மார்க்கெட்டிங்கும் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

வேண்டாம். இரண்டு வெள்ளிக்கு நீங்களே செய்யக்கூடிய வேலை அது. மார்க்கெட்டிங் என்று அவர் சொல்வது அநேகமாகப் போலிக் கணக்குகளிலிருந்து பத்து லைக்.

காசு போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அவர் தன் வாலட்டிலிருந்து உங்கள் படத்தை மிண்ட் செய்வார். ஏட்டில் படைப்பாளி என்று நிற்பது அவருடைய முகவரி. நாளைக்கு அது விற்றால் பணம் அவருக்குப் போகும். ‘நான் வரைந்தது’ என்று நீங்கள் எங்கே போய்ச் சொல்வீர்கள்? சொந்த வாலட், சொந்தக் கையால் மிண்ட். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொரு வகைப் பேச்சும் இந்த ஊரில் எடுபடும். “சம்பந்தன் ஐயா தோட்டத் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கிக் காட்டினார். நாமும் ஆளுக்கு இவ்வளவு போட்டு என்எஃப்டி பங்கு வாங்குவோம்” என்பார்கள். துன் சம்பந்தன் இந்த மண்ணின் பிள்ளை. அவர் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் பையைத் திறந்துவிடுவார்கள். அவர் 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் சட்டப்படி பதிவானது. அதில் உறுப்பினர் கூட்டம் உண்டு, கணக்கு உண்டு, காலுக்கடியில் நிலம் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் பணம் சேர்ப்பவரிடம் இவற்றில் எது இருக்கிறது என்று கேளுங்கள். பொதுமக்களிடம் முதலீடு என்று பணம் திரட்ட அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள்.

இன்ஸ்டாகிராமில் ஒருவர் என் படத்தை 2 ஈத்தருக்கு (எதீரியத்தின் காசு) வாங்குகிறேன் என்கிறார். நம்பலாமா?

வரைகிற பிள்ளைகளுக்கு இந்த மெசேஜ் வராமல் இருக்காது. எப்படிப் போகும் என்று சொல்கிறேன், உங்களுக்கு வந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் புகழ்ச்சி. உங்கள் கலையில் ஆன்மா இருக்கிறது, நான் கலெக்டர், ஐந்து படம் வேண்டும், ஒன்றுக்கு 2 ஈத்தர். அப்புறம் ‘நான் இந்தத் தளத்தில்தான் வாங்குவேன்’ என்று நீங்கள் கேள்விப்படாத ஒரு தளத்தின் இணைப்பு. பார்க்க ஓப்பன்சீ மாதிரியே இருக்கும். அங்கே மிண்ட் செய்ய 300, 400 வெள்ளிக்குச் சமமான கட்டணம் கேட்பார்கள். கட்டினால் படம் உடனே ‘விற்றுவிடும்’. திரையில் உங்கள் கணக்கில் 10 ஈத்தர் தெரியும். எடுக்கப் போனால் ‘வித்டிராவல் ஃபீ’, அதைக் கட்டினால் ‘வரி’, அதையும் கட்டினால் ‘கணக்கை மேம்படுத்த வேண்டும்’. திரையில் தெரிந்தது வெறும் எழுத்து. அங்கே ஈத்தர் எதுவும் இருந்ததே இல்லை.

உண்மையான விற்பனையில் வாங்குபவர் கொடுப்பது நேராக உங்கள் சொந்த வாலட்டுக்கு வந்துவிடும். தளம் தன் பங்கை அதிலேயே கழித்துக்கொள்ளும். வந்த பணத்தை விடுவிக்கப் பணம் கட்டச் சொன்னால், அது யாராக இருந்தாலும் பிளாக் பண்ணிவிடுங்கள். படம் நிஜமாகவே பிடித்திருந்தால், நீங்கள் ஏற்கெனவே போட்டிருக்கும் தளத்திலேயே அவர் வாங்கிக்கொள்ளலாமே.

வாலட் திறக்கும்போது 12 சொல் எழுதி வைக்கச் சொல்கிறது. கைப்பேசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதுமா?

போதாது, எடுக்கவும் கூடாது. அந்த 12 சொல், சில வாலட்டில் 24, உங்கள் வாலட்டின் மூலச்சாவி. அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. தாளில் பேனாவால் எழுதி, ஐசி, பிறப்புப் பத்திரம் வைக்கும் பெட்டியில் வையுங்கள். இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், கூகுள் போட்டோஸில் ஏற்றாதீர்கள், எங்கள் கடைக்குக் கொண்டுவந்து லேமினேட் பண்ணச் சொல்லாதீர்கள். ‘சப்போர்ட்’ என்று சொல்லி யார் கேட்டாலும் திருடன்தான். எந்த நிறுவனத்துக்கும் அந்தச் சொற்கள் தேவையே இல்லை.

சொற்களைக் கொடுக்காமலும் திருட்டுப்போகும். 2022 பிப்ரவரியில் ஓப்பன்சீ பயனாளர்கள் சிலரிடமிருந்து 1.7 மில்லியன் டாலர் பெறுமான என்எஃப்டிகள் போயின. ஏமாற்று இணைப்பை நம்பி அவர்களே வாலட்டில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வாலட் சாளரத்தில் ‘செட் அப்ரூவல் ஃபார் ஆல்’ என்று வந்தால், உங்கள் தொகுப்பு முழுவதையும் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறார்கள் என்று பொருள். தெரிந்த சந்தையில் விற்பனைக்கு வைக்கும்போது மட்டும்தான் அது வர வேண்டும். இலவசப் பரிசு தரும் தளத்தில் வந்தால் மூடிவிடுங்கள்.

மிண்ட் செய்துவிட்டால் படம் என்றைக்கும் அழியாதுதானே?

பதிவு அழியாது. படம் அழியலாம். அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இரண்டு நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் பாருங்கள். எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை நிறுவனம் 2022 நவம்பரில் திவாலானது. அதன் தளத்தில் மிண்ட் செய்யப்பட்ட என்எஃப்டிகளின் படங்கள் அந்த நிறுவனத்தின் சர்வரில் இருந்தன. சர்வர் போனதும் டோக்கன் மட்டும் மிஞ்சியது, படம் இருந்த இடம் வெறுமை. இன்னொன்று ஹிக் எட் நுங்க். டெசோஸில் 2021 மார்ச்சில் தொடங்கிய தளம், ஏழைக் கலைஞர்கள் நிறையப் பேர் நுழைந்த வாசல் அது. நவம்பரில் அதை நடத்தியவர் திடீரென்று மூடிவிட்டார். ஆனால் படங்கள் ஐபிஎஃப்எஸ் என்ற பொதுச் சேமிப்பில் இருந்ததால், பயன்படுத்தியவர்களே வேறு தளம் கட்டி அதே படங்களை மறுபடி காட்டினார்கள்.

ஐபிஎஃப்எஸில் முகவரி என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் ஒரு நீள எழுத்துத் தொடர். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் முகவரி மாறிவிடும், அதனால் யாரும் படத்தை மாற்றி வைக்க முடியாது. ஆனால் குறைந்தது ஒரு கணினியாவது அந்தக் கோப்பை வைத்திருந்தாக வேண்டும். அதற்குப் பெயர் ‘பின்’ பண்ணுவது. ஒருமுறை காசு கட்டி நீண்டகாலம் வைக்கும் ஆர்வீவ் என்ற முறையும் உண்டு. மிண்ட் செய்த பிறகு டோக்கன் விவரத்தைத் திறந்து பாருங்கள். முகவரி ஐபிஎஃப்எஸ் என்றோ ஏஆர் என்றோ தொடங்கினால் பரவாயில்லை. நிறுவனத்தின் இணையமுகவரியாக இருந்தால் கவலைப்படலாம். எப்படி இருந்தாலும் மூலக் கோப்பை உங்கள் ஹார்ட் டிஸ்கில் வைத்திருங்கள்.

எங்கள் தோட்டத்துப் பழைய புகைப்படங்களை மிண்ட் செய்து பாதுகாக்கலாமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஆனால் பதில் நீங்கள் எதிர்பார்ப்பது இல்லை. பாதுகாக்க நினைத்தால் முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மேலே சொன்னதுபோல மிண்ட் என்பது படத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு இல்லை.

லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் வரிசையாக நிற்கும் படம், கோவில் திருவிழா, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா, இவற்றை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில். அதைவிட அவசரமான வேலை, படத்தில் நிற்பவர் யார் யார் என்று எழுதுவது. இடமிருந்து வலம், பெயர், எந்த டிவிஷன், என்ன வேலை. அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு (பாமாயில் மரத்துக்கு) மாறின, சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, லயங்களை இடித்தார்கள். பல குடும்பங்களிடம் இருக்கும் ஒரே சான்று அந்தப் படம்தான். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள்.

பிறகு மிண்ட் செய்யலாமா? படத்தில் இருப்பவர்களின் குடும்பத்தைக் கேட்காமல் செய்யாதீர்கள். ஏட்டில் எழுதியதைத் திரும்ப எடுக்க முடியாது. தன் பாட்டி கிழிந்த சேலையில் நிற்கும் படத்தை உலகத்துக்கு விற்பனைக்கு வைப்பதில் ஒரு பேரனுக்கு மனவருத்தம் இருக்கலாம். அது அவர் உரிமை. உயிரோடு இருப்பவர்களின் ஐசி எண், முகவரி போன்றவற்றை விளக்கத்தில் மறந்தும் எழுதாதீர்கள். அந்தப் படத்தைப் பார்த்து நீங்கள் ஓர் ஓவியம் வரைந்து, குடும்பத்தின் சம்மதத்தோடு அதை மிண்ட் செய்வது நல்ல வழி என்று நினைக்கிறேன்.

ஏஐ போட்டுத் தந்த படத்தை மிண்ட் செய்யலாமா?

தடை இல்லை. சில தளங்களில் ஏஐ என்று குறிப்பிட வேண்டும், மறைக்காதீர்கள். ஆனால் ‘மலேசியத் தோட்டத்தில் பால்வெட்டும் தமிழ்ப்பெண்’ என்று கேட்டுப் பாருங்கள். வருகிற படத்தில் மங்கு செம்பனை மரத்தில் தொங்கும். வெட்டுக்கோடு மரத்தைச் சுற்றி வளையல்போலப் படுத்திருக்கும், இல்லையென்றால் வலதிலிருந்து இடமாக இறங்கும். மரத்துக்கு எதிரே நின்று பார்த்தால் கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் சாய்ந்து ஓடுகிற திசையால் அப்படி வெட்டினால்தான் பால் அதிகம் வரும். கோட்டின் கீழ்முனையில் பால் வழிய ஒரு சின்னத் தகரத் தகடு, அதற்கடியில் மங்கு. பால் வெட்டிய கை இந்த ஊரில் இன்னும் எத்தனையோ இருக்கிறது. உங்கள் படத்தை முதலில் அவர்களிடம் காட்டுங்கள். அந்தத் திருத்தத்தோடு வருகிற படம் வேறு யாரிடமும் இருக்காது.

நடிகர் படம், சாமி படம் வரைந்து விற்கலாமா?

நடிகர் படத்தில் எச்சரிக்கை தேவை. சினிமா ஸ்டில்லைப் பார்த்து அப்படியே வரைந்தால் காப்புரிமைப் பிரச்சினை. முகமும் பெயரும் தனிப் பிரச்சினை. தன் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாதென்று ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார், 2015-ல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. பிறந்தநாளுக்கு வரைந்து பேஸ்புக்கில் போடுவதும் காசுக்கு விற்பதும் வேறு வேறு.

சாமி படத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் இன்னொருவர் வரைந்த சாமி படம் அவருடையது. 2022 ஜனவரியில் ஓப்பன்சீ நிறுவனமே சொன்னது: தங்கள் இலவச மிண்ட் வசதியில் உருவானவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் திருட்டு, போலி அல்லது குப்பை என்று. அந்தக் கூட்டத்தில் நாமும் சேர வேண்டாம். உங்கள் சொந்தப் படத்துக்கு 1987-ஆம் ஆண்டு மலேசியக் காப்புரிமைச் சட்டப்படி உரிமை தானாகவே வந்துவிடும். என்எஃப்டி விற்றாலும் அது உங்களிடமே இருக்கும், எழுத்தில் மாற்றிக் கொடுத்தாலொழிய.

தலைப்பைத் தமிழில் போடலாமா?

தாராளமாக. யூனிகோடில் தட்டச்சு செய்தால் எல்லா இடத்திலும் சரியாக வரும். பேனர் வேலைக்குப் பயன்படும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அதைத் திருத்தவும் முடியாமல் போகலாம். முரசு அஞ்சல், செல்லினம் இரண்டும் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியவை. இதற்கு அவை போதும். தமிழ்த் தலைப்பின் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தால் வாங்குபவருக்கு வசதி.

விலை எவ்வளவு வைப்பது? யார் வாங்குவார்கள்?

குறைவாக வையுங்கள். இந்தோனேசியாவில் செமாராங் நகர மாணவர் கோசாலி, 2017 முதல் 2021 வரை கணினி முன் உட்கார்ந்து எடுத்த தன் செல்ஃபிகள் 933-ஐ 2022 ஜனவரியில் மூன்று டாலர் விலையில் போட்டார். விளையாட்டாகப் போட்டது உலகச் செய்தியாகி விலை ஏறியது. அதைத் திட்டமிட்டுச் செய்ய முடியாது, நானும் செல்ஃபி போடுகிறேன் என்று கிளம்பியவர்கள் யாரும் கரையேறவில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது மூன்று டாலர் என்ற தொடக்கம் மட்டும்.

வாங்குபவர்கள் தானாக வருவதில்லை. மற்றக் கலைஞர்களின் படத்தைப் பார்த்து, பேசி, ஒன்றிரண்டை நீங்களும் வாங்கும்போதுதான் அவர்கள் உங்கள் பக்கம் திரும்புகிறார்கள். மாதக்கணக்கில் ஒன்றும் விற்காமல் இருப்பது சகஜம். பள்ளிக் கட்டணத்துக்கோ மோட்டார் தவணைக்கோ இதை நம்பாதீர்கள். உங்கள் ஓவியத்தை அச்சிட்டு, ஃபிரேம் போட்டு, ஈப்போ சந்தையில் 60 வெள்ளிக்கு விற்பது இன்னமும் சுலபம் என்பது என் கருத்து.

மறுவிற்பனையில் நமக்குப் பங்கு வருமாமே?

வரும் என்று சொல்லித்தான் 2021-ல் எல்லோரையும் அழைத்தார்கள். படைப்பாளிக்கு ஐந்து, பத்து சதவீதம் என்று டோக்கனில் எழுதலாம், ஆனால் அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது சந்தையின் கையில். போட்டி வந்ததும் சந்தைகள் அதை வாங்குபவர் விருப்பத்துக்கு விட்டன. ஓப்பன்சீயும் கட்டாய வசூலை 2023 ஆகஸ்ட் 31-ல் நிறுத்தியது. வந்தால் லாபம், கணக்கில் சேர்க்காதீர்கள்.

சட்டப் பிரச்சினை, வரி?

கிரிப்டோ மலேசியாவில் சட்டப்படியான பணம் கிடையாது, ஆனால் பதிவு பெற்ற சந்தையில் வாங்கி விற்பது குற்றமும் இல்லை. வெள்ளியாக மாற்றும்போதும் அதே சந்தை வழியாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வாங்குங்கள். டெலிகிராமில் முகம் தெரியாதவரிடம் விற்றால், அவர் அனுப்புவது யாரையோ ஏமாற்றிய பணமாக இருக்கலாம். போலீஸ் உங்கள் கணக்கை முடக்கும்.

எப்போதோ ஒரு படம் விற்றது வேறு. தொடர்ந்து வரைந்து விற்றால் அது தொழில் வருமானம், எல்எச்டிஎன் (வருமான வரி வாரியம்) பி படிவத்தில் காட்ட வேண்டும். விற்ற நாளில் வெள்ளி மதிப்பு எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். தொகை பெரிதானால் கணக்காளரைப் பாருங்கள், என்னை இல்லை.

ஏமாந்துவிட்டேன். என்ன செய்வது?

வங்கியிலிருந்து வெள்ளி அனுப்பியிருந்தால் அந்த நிமிடமே தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997-ஐ அழையுங்கள், அல்லது உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவை. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த ஒரு வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருந்தால் அந்த வாய்ப்புப் போய்விடும். பிறகு போலீஸ் புகார். கிரிப்டோவாக அனுப்பியிருந்தால் திரும்புவது அபூர்வம், இருந்தாலும் பரிவர்த்தனை எண்ணோடு புகார் செய்யுங்கள். வாலட்டில் மிஞ்சியிருப்பதைப் புதிய வாலட்டுக்கு மாற்றுங்கள். ‘இழந்ததை மீட்டுத் தருகிறோம்’ என்று அடுத்து ஒருவர் வருவார். அவரும் அதே கூட்டம்தான்.

மிண்ட் செய்ததை அழிக்க முடியுமா?

உங்களிடமே இருந்தால் ‘பர்ன்’ செய்யலாம். அதாவது, யாராலும் திறக்க முடியாத ஒரு முகவரிக்கு அனுப்பிவிடுவது. சந்தைப் பக்கத்திலிருந்து மறைந்துவிடும், ஆனால் மிண்ட் செய்ததும் எரித்ததும் ஏட்டில் இருக்கும். இதற்கும் சிறு கட்டணம் உண்டு. விற்றுவிட்டால் அது வாங்கியவர் சொத்து. அவரிடம் கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.